நொதி குறைபாடு என்கிறார்கள், ரிப்போர்ட்டில் நொதி கூடுதலாக இருக்கிறதே: லோவ் சிண்ட்ரோமும் சிறுநீர் என்ஏஜியும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். மகனுக்கு இரண்டரை வயது. பிறவியிலேயே இரு கண்ணிலும் புரை இருந்து அறுவை முடிந்திருக்கிறது. உடல் தளர்வு உண்டு. கண், மூளை, சிறுநீரகம் மூன்றையும் பாதிக்கும் லோவ் சிண்ட்ரோம் என்று மரபணுச் சோதனையில் உறுதியாகிவிட்டது. அண்மையில் வந்த சிறுநீர் ரிப்போர்ட்டில் என்ஏஜி என்ற நொதி மேல்வரம்பைப்போல் ஐந்து மடங்கு, புரதம் ‘இரண்டு பிளஸ்’, சர்க்கரை இல்லை. இது நொதிக் குறைபாட்டு நோய் என்று படித்த உங்களுக்கு, நொதி கூடியிருப்பதைக் கண்டு குழப்பம். சிறுநீரகம் வேகமாகக் கெடுகிறதா, அந்த எண்ணைக் குறைக்க மருந்து உண்டா, தங்கைக்கும் இதே சோதனை செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம், இரண்டு வெவ்வேறு நொதிகளுக்கு ஒரே சொல் வந்து உட்கார்ந்திருப்பதுதான். இல்லாமல் போன நொதி ஒன்று. சிறுநீரில் கொட்டுகிற நொதி வேறொன்று. முதலாவது நோயின் வேர். இரண்டாவது அந்த வேரிலிருந்து வெகுதூரம் தள்ளி விழுந்த சருகு. நான் மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன். குழந்தைகள் சிறுநீரகப் பிரிவிலிருந்து வரும் மாதிரிகளே என் வேலையில் பாதி. ஆகவே எண் எப்படிப் பிறக்கிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதை உறுதியாகச் சொல்வேன். குழந்தையை நான் பார்க்கவில்லை, பார்த்து மருந்து எழுதுகிறவனும் இல்லை. மருந்தளவு பற்றி இங்கே எதுவும் எழுதப்போவதில்லை.

முதலில் இல்லாத நொதி. 1952-இல் பாஸ்டனில் லோவ், டெர்ரி, மக்லாக்லன் ஆகிய மூவர் இந்த நோயை விவரித்தார்கள்: கண், மூளை, சிறுநீரகம் மூன்றும் சேர்ந்து பாதிக்கப்பட்ட குழந்தைகள். காரணமான மரபணு பிடிபட 1992 ஆயிற்று. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் அதன் பெயர் ஓசிஆர்எல். அது உண்டாக்கும் நொதி, செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றும். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் செல்லுக்குள் எந்தப் பை எங்கே போக வேண்டும் என்பதை அந்தக் கொழுப்பு மூலக்கூறுகள்தாம் முகவரிச் சீட்டுபோலத் தீர்மானிக்கின்றன. சீட்டை உரிய இடத்தில் கிழிக்காவிட்டால் பைகள் தேங்கும், தவறான வாசலில் இறங்கும். மரபணுச் சோதனை எளிதாகக் கிடைக்காத நாட்களில், தோலிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்து அதன் செல்களை வளர்த்து, இந்த நொதியின் வேலைத்திறனை அளந்துதான் நோயை உறுதிசெய்வார்கள். ஆக, ‘நொதிக் குறைபாடு’ என்று நீங்கள் படித்தது சரிதான். அந்த நொதி சிறுநீரில் அளக்கப்படுவதில்லை.

இனி கொட்டுகிற நொதி. சிறுநீரகத்தின் வடிகட்டி ரத்தத்திலிருந்து ஒரு நாளைக்குப் பெரியவர்களில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இறக்குகிறது. அதில் பெரும்பங்கை, கூடவே உப்பு, சர்க்கரை, அமினோ அமிலம், பைகார்பனேட், சிறிய புரதங்கள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்வது வடிகட்டியை அடுத்து வரும் முதல் நுண்குழல். பிராக்சிமல் டியூபுல் என்று உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார். அதன் உட்சுவர்ச் செல்களின் முகப்பில் தூரிகை மயிர்போல நுண்ணிய விரல்கள் அடர்ந்திருக்கும். அவற்றில் மெகாலின், கியூபிலின் என்ற பிடிப்பான்கள் சிறிய புரதங்களைப் பற்றி உள்ளே இழுக்கும். உள்ளே போனவை லைசோசோம் என்ற செரிமானப் பையில் அரைக்கப்படும். பிடிப்பான் மட்டும் திரும்ப முகப்புக்கு வரும். ஓயாமல் நடக்கும் இந்தப் போக்குவரத்தில்தான் லோவ் சிண்ட்ரோம் கைவைக்கிறது.

என்ஏஜி அந்தச் செரிமானப் பைக்குள் இருக்கும் நொதி. அதன் மூலக்கூறு எடை 1,30,000 டால்டனுக்கு மேல். ரத்தத்தின் முக்கியப் புரதமான அல்புமினைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவ்வளவு பெரிதாக இருப்பதால் வழக்கமான வடிகட்டி வழியாக அது ரத்தத்திலிருந்து சிறுநீருக்கு வராது. சிறுநீரில் அது தென்பட்டால், நுண்குழல் செல்லே வெளியே விட்டிருக்கிறது என்று பொருள். இந்த ஒரு குணத்துக்காகத்தான் பல பத்தாண்டுகளாக ஆய்வகங்கள் அதை அளக்கின்றன. இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: என்ஏஜியின் இன்னொரு பெயர் ஹெக்சோசமினிடேஸ். அதன் ஒரு வகை இல்லாமல் போவதுதான் டே-சாக்ஸ் நோய். இணையத்தில் தேடினால் அந்தப் பக்கங்கள் வந்து விழும், பயந்துபோவீர்கள். உங்கள் மகனுக்கு அது கூடியிருக்கிறது, இல்லாமல் போகவில்லை. அந்த நோய்க்கும் இவனுக்கும் தொடர்பே இல்லை.

எந்த நொதி கசிகிறது என்பது செல்லின் எந்தப் பகுதி தொந்தரவில் இருக்கிறது என்பதையும் காட்டும். காமா ஜிடி, அலனின் அமினோபெப்டிடேஸ் போன்றவை தூரிகை மயிரில் ஒட்டியிருப்பவை. முகப்பு உரிந்தாலே சிறுநீரில் ஏறும். செல் திரவத்தில் மிதக்கும் எல்டிஹெச் ஏறினால் செல்லே உடைந்திருக்கலாம். என்ஏஜி ஏற்றம் இரண்டுக்கும் நடுவில்: செல் இறந்தாலும் ஏறும், செல் உயிரோடு இருந்து தன் பைகளை வெளியே கவிழ்த்தாலும் ஏறும். ரிப்போர்ட்டைப் பார்த்து ‘செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன’ என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த ஒரே எண்ணிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது.

லோவ் சிண்ட்ரோமில் என்ஏஜி ஏன் ஏறுகிறது என்பதில் உறுதியானது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஏறுகிறது என்பது உறுதி. மிகச் சிறு வயதிலேயே, பைகார்பனேட் இழப்பு தலைகாட்டும் முன்பே கூட, சிறிய புரதக் கசிவும் லைசோசோம் நொதிக் கசிவும் இந்தக் குழந்தைகளிடம் காணப்படுகின்றன. ரத்தத்திலும் பல லைசோசோம் நொதிகள் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கூடியிருப்பது 1999-இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. ஆகவே சிறுநீரகம் மட்டுமல்ல, உடல் முழுக்கவே செல்கள் இந்த நொதிகளை லைசோசோமுக்கு அனுப்புவதில் தடுமாறுகின்றன என்று நினைக்க இடமிருக்கிறது. புதிதாகத் தயாரான நொதியைச் செரிமானப் பைக்கு அனுப்பும் வழியில் ஓசிஆர்எல் இருப்பதால், அனுப்பும் முகவரி தவறி நொதி வெளியே போகிறது என்பது ஒரு விளக்கம். வடிகட்டி வழி வந்த சிறிய லைசோசோம் நொதிகளை மெகாலின் திரும்பப் பிடிக்காமல் விடுகிறது என்பது இன்னொன்று. இது சிறிய நொதிகளுக்குப் பொருந்தும், என்ஏஜிக்கு அவ்வளவாகப் பொருந்தாது, அது வடிகட்டியையே தாண்டாது என்று மேலே சொன்னேனே. செல் சேதம் மூன்றாவது. மூன்றும் வெவ்வேறு அளவில் சேர்ந்தே நடக்கின்றன என்பது என் கணிப்பு. இன்ன விகிதத்தில் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் சற்றுத் தள்ளியே நின்று கேளுங்கள்.

இனி உங்களைப் பயமுறுத்திய ‘ஐந்து மடங்கு’. என்ஏஜியை அப்படியே லிட்டருக்கு இவ்வளவு என்று யாரும் தருவதில்லை. குழந்தை நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் சிறுநீர் நீர்த்துப்போய் எண் இறங்கிவிடும். அதனால் அதே மாதிரியில் கிரியேட்டினினையும் அளந்து, அதனால் வகுத்துத் தருகிறோம். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை நல்லபடியாக இருக்கிற குழந்தைக்கு இந்தக் கணக்கு சரி. லோவ் சிண்ட்ரோம் குழந்தைக்கோ தளர்வு, தசை குறைவு, ஆகவே கிரியேட்டினினும் குறைவு. வகுக்கும் எண் சிறுத்தால் விடை பெருக்கும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்: மாதிரியில் என்ஏஜி லிட்டருக்கு 12 யூனிட். கிரியேட்டினின் லிட்டருக்கு 0.5 கிராம் என்றால் விடை கிராமுக்கு 24. அதே 12 யூனிட், கிரியேட்டினின் 0.3 கிராம் என்றால் 40. நுண்குழல் ஒரு துளியும் கூடுதலாகக் கசியவிடாமலேயே எண் ஏறிவிட்டது. இதோடு வயதும் சேரும். பிறந்த குழந்தைகளுக்கு இந்த விகிதம் இயல்பிலேயே உயரம். வளர வளர இறங்கும். ஆய்வகம் எந்த வயதுக்கான மேல்வரம்பைப் போட்டிருக்கிறது என்று ரிப்போர்ட்டின் ஓரத்தில் பாருங்கள். பெரியவர்களின் வரம்பைக் குழந்தைக்குப் போட்டு அச்சடித்த ரிப்போர்ட்டுகள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. உங்கள் மகனின் ஐந்து, உண்மையில் மூன்றாக இருக்கலாம். ஏற்றம் பொய் என்று சொல்லவில்லை. ஐந்தா மூன்றா என்பதில் தூக்கம் கெடுக்க வேண்டாம் என்கிறேன்.

மாதிரி எடுத்த விதமும் முக்கியம். சோதனையை எப்படிச் செய்கிறோம் என்று தெரிந்தால் இது புரியும். நொதி எவ்வளவு எடை என்று நாங்கள் நிறுத்துப் பார்ப்பதில்லை. அது எவ்வளவு வேலை செய்கிறது என்றுதான் பார்க்கிறோம். அதற்குப் பிடித்த சர்க்கரையோடு ஓர் ஒளிரும் சாயத்தைப் பிணைத்த கரைசல் இருக்கிறது. கொஞ்சம் சிறுநீரை அதில் விட்டு 37 டிகிரியில் வைத்தால், நொதி அந்தப் பிணைப்பை வெட்டிச் சாயத்தை விடுவிக்கும். குறித்த நேரத்தில் காரக் கரைசல் ஊற்றி நிறுத்தி, புற ஊதா ஒளியில் பார்த்தால் குழாய் நீலமாகச் சுடரும். சுடரின் அளவே விடை. ஆகவே வழியில் நொதி செத்துப்போனால் விடையும் செத்துப்போகும். எங்கள் ஆய்வகத்திலேயே ஒருமுறை, வார இறுதியில் வந்த மாதிரிகளை யாரோ நல்லெண்ணத்தில் மைனஸ் 20 பெட்டியில் போட்டுவிட்டார். திங்கள் காலை உருக்கி அளந்தால் காமா ஜிடி ஏறக்குறைய காணோம், என்ஏஜி பாதியும் இல்லை. பெற்றோரிடம் இன்னொரு மாதிரி கேட்க நான்தான் போனில் பேச வேண்டியதாயிற்று. சாதாரணக் குளிர்பெட்டியில் சில நாள் வைத்தால் என்ஏஜி தாங்கும். உறைய வைப்பதுதான் வம்பு.

இதில் உங்கள் மகனுக்கே உரிய ஒரு முடிச்சு இருக்கிறது. அமிலத்தன்மையைச் சரிசெய்ய அவன் சிட்ரேட் குடிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சிறுநீரைக் காரமாக்கும். சிறுநீரின் பிஹெச் (அமில-கார அளவு) 8-ஐத் தாண்டினால் என்ஏஜி செயலிழக்கத் தொடங்கும், எண் பொய்யாகக் குறையும். இதற்கு நேர்மாறானது பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறிய புரதம். அது பிஹெச் 6-க்குக் கீழே, அமிலச் சிறுநீரில், பையில் இருக்கும்போதே சிதைந்துவிடும். ஒரே குப்பியில் இருக்கும் இரண்டு பொருள்களுக்கு இரண்டு விதமான பலவீனம். அதனால்தான் நாங்கள் பிஹெச்சைக் குறிக்காமல் இந்த எண்களை வெளியே விடுவதில்லை. சிட்ரேட் தொடங்கிய பிறகு என்ஏஜி குறைந்தால், மருந்து நுண்குழலைக் குணமாக்கிவிட்டது என்று துள்ள வேண்டாம்.

சிறுநீரகம் வேகமாகக் கெடுகிறதா என்ற கேள்விக்கு என்ஏஜி பதில் சொல்லாது. பல சிறுநீரக நோய்களில் அதை முன்னறிவிப்பாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். லோவ் சிண்ட்ரோமில் ஒரே ஒரு எண்ணை வைத்து வருங்காலத்தைக் கணிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று: நுண்குழல் செல்கள் குறைந்துபோனால் கசியவும் ஆள் இருக்காது. பல ஆண்டு கழித்து எண் தானாக இறங்கினால் அது நல்ல செய்தியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வடிகட்டும் திறன் இந்த நோயில் மெல்லத்தான் குறையும். முழுச் செயலிழப்பு வந்தாலும் பெரும்பாலும் இருபது, முப்பது வயதுகளில்தான் அது பேச்சுக்கு வரும். அந்தத் திறனைப் பார்க்க ரத்தக் கிரியேட்டினின் மட்டும் போதாது. தசை குறைந்த குழந்தைக்கு அது எப்போதும் நல்லபடியாகவே தெரியும். சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் புரதம் தசையை நம்பியிருப்பதில்லை என்பதால் ரத்தத்தில் அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். அதோடு பைகார்பனேட், பாஸ்பேட், பொட்டாசியம், சிறுநீரில் கால்சியம், சுண்ணாம்பு படிகிறதா என்று அறிய ஸ்கேன்: குழந்தையின் எலும்பையும் வளர்ச்சியையும் காப்பாற்றுபவை இந்த எண்கள்தாம்.

சர்க்கரை இல்லாதது உங்களைக் குழப்பியிருக்கிறது. பழைய பாடநூல்கள் லோவ் சிண்ட்ரோமை முழு ஃபான்கோனி சிண்ட்ரோம் என்று எழுதின. அதாவது சர்க்கரை உட்பட எல்லாமே கசியும் நிலை. பின்னால் நிறையக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, புரதக் கசிவு ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு, சர்க்கரைக் கசிவு பலருக்கு இல்லை என்று தெரிந்தது. ஆகவே உங்கள் ரிப்போர்ட் நோயோடு முரண்படவில்லை. ‘இரண்டு பிளஸ்’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் தாள் பட்டை முக்கியமாக அல்புமினைத்தான் காணும். இந்த நோயில் மலைமலையாகக் கொட்டுவது பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ரெட்டினால் பிணைப்புப் புரதம் போன்ற சிறியவை. அவை இயல்பைவிட நூறு மடங்கும் அதற்கு மேலும் ஏறக்கூடும். அதன் அருகில் என்ஏஜியின் ஐந்து மடங்கு ஒன்றுமே இல்லை. நோயை அடையாளம் காண உதவுவது அந்தச் சிறு புரதங்கள்தாம், என்ஏஜி பக்கவாத்தியம்.

இந்த எண் நோயின் பெயரையும் சொல்லாது. இதே நுண்குழலைத் தாக்கும் இன்னொரு பரம்பரை நோயான டென்ட் நோயிலும் என்ஏஜி ஏறும். அதில் பெரும்பாலோருக்குச் சிஎல்சிஎன்5 என்ற வேறு மரபணுவிலும், சிறு பங்கினருக்கு இதே ஓசிஆர்எல்லிலும் பிழை இருக்கும். சிஸ்டின் என்ற அமினோ அமிலம் செல்களில் தேங்கும் சிஸ்டினோசிஸிலும் ஏறும். சர்க்கரை நோயில் ஏறும். மருந்துகளாலும் ஏறும்: ஜென்டாமைசின் வகை ஊசிகள், சில புற்றுநோய் மருந்துகள், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட். கடைசியதைக் குறித்துக்கொள்ளுங்கள். லோவ் சிண்ட்ரோம் குழந்தைகள் பலருக்கு வலிப்பு வரும், வால்ப்ரோயேட் கொடுக்கப்படும், அது தானாகவே சிலரின் நுண்குழலைத் தொந்தரவு செய்யும். உங்கள் மகன் அந்த மருந்தில் இருந்தால் நரம்பியல் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு திரும்பினால் ஆபத்து. இன்னொரு பொறி: இந்த நோயில் ரத்தத்தில் சிகே, எல்டிஹெச், ஏஎஸ்டி ஆகிய நொதிகள் கொஞ்சம் ஏறியிருப்பது வழக்கம். ஏஎஸ்டி கல்லீரல் சோதனைகளில் ஒன்று என்பதால், அதை மட்டும் பார்த்தவர்கள் கல்லீரலைத் தேடிக்கொண்டு போவதுண்டு.

எண்ணைக் குறைக்க மருந்து இல்லை. அந்த எண்ணைக் குறிவைத்து மருந்து தேவையும் இல்லை. விடுபட்ட நொதியை ஊசியாகப் போட முடியாதா என்று கேட்டிருந்தீர்கள், நியாயமான கேள்வி. காஷே போன்ற சில லைசோசோம் நோய்களில் அப்படிப் போடுகிறார்கள். அங்கே விடுபட்ட நொதி லைசோசோமுக்குள் வேலை செய்வது; ரத்தத்தில் செலுத்தினால் செல் அதை விழுங்கி நேரே லைசோசோமில் சேர்த்துவிடும். ஓசிஆர்எல் நொதி வேலை செய்வது பையின் வெளிப்புறத்தில், செல் திரவத்தை நோக்கிய பக்கத்தில். விழுங்கப்பட்ட நொதி பைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், உரிய பக்கத்துக்குக் கடக்காது. ஆகவே இப்போதைக்குச் சிகிச்சை என்பது இழப்பதைத் திரும்பக் கொடுப்பதுதான்: சிட்ரேட் போன்ற காரம், பாஸ்பேட், தேவைப்பட்டால் வைட்டமின் டி. அதையும் சிறுநீர்க் கால்சியத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும்.

தங்கையைப் பற்றி. எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் நோய் ஏறக்குறைய ஆண் குழந்தைகளுக்கே. அம்மா பிழையைச் சுமப்பவராக இருக்கலாம், அல்லது மகனிடமே புதிதாகத் தோன்றியிருக்கலாம். எனவே முதலில் சோதிக்க வேண்டியது அம்மாவை. அவரிடம் பிழை இருந்தால் மகளுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதி. அதை அறியச் சிறுநீர் என்ஏஜி உதவாது. லோவ் பிழையைச் சுமக்கும் பெண்களுக்குச் சிறுநீர் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்த்தால், வயதுக்கு வந்த பெண்களில் பெரும்பாலோருக்குக் கண் லென்சில் பொடிப் புள்ளிகள் தெரியும், பார்வைக்குத் தொந்தரவு இருக்காது. சிறுமிக்கு மரபணுச் சோதனையை இப்போதே செய்வதா, அவளே முடிவெடுக்கும் வயது வரை விடுவதா என்பதை மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுங்கள். பலரும் பின்னதையே சொல்வார்கள். மகனுக்கு அடுத்த முறை சிறுநீர் கொடுக்கும்போது புதிதாக எடுத்த மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள், உறைய வைக்க வேண்டாம் என்று கவுண்டரில் சொல்லுங்கள், கடைசியாகச் சிட்ரேட் கொடுத்த நேரத்தையும் படிவத்தில் எழுதிவிடுங்கள்.